ஊருக்கு ஒரு குழு



விளையாட்டைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் விளையாடுவோரைப் பற்றியே பேசுகின்றனர். வென்றவர் யார், தோற்றவர் யார், எத்தனை புள்ளிகள் என்பனவே பேச்சின் பொருளாகின்றன. இன்று நான் பேச விரும்புவது ஆடுகளத்தின் கோட்டுக்கு வெளியே நிற்பவனைப் பற்றி. அதிலும், உலகப் புகழ் வாய்ந்த குழுக்களைத் தொலைக்காட்சியிலே கண்டு களிப்பவனைப் பற்றியன்று. தன் மாவட்டத்துக் கல்லூரிப் பிள்ளைகள் ஆடும் கூடைப்பந்தாட்டத்தை ஆண்டுதோறும் தேடிச் சென்று, வெயிலென்றும் மழையென்றும் பாராது, சீமெந்துப் படியிலே அமர்ந்து பார்த்துவரும் உள்ளூர் அபிமானியைப் பற்றியே பேசப்போகிறேன். அத்தகைய அபிமானிகளுள் நானும் ஒருவன்.

குருவிட்டப் பகுதியில் ஓர் அரசாங்கப் பாடசாலையின் அதிபராக இருப்பவனுக்கு இதிலே என்ன இத்தனை நாட்டம் என்று சிலர் கேட்பதுண்டு. பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டால் கேள்வி முடிந்துவிடும். ஆனால் அது உண்மையான விடையாகாது. ஊர்க் குழுவொன்றுக்கு அபிமானியாக இருப்பது, ஓர் ஊருக்கு உரியவனாக இருப்பதன் ஒரு வகை என்பதே நான் கண்ட விடை. அதனை விளக்குவதற்கு முன், இந்த ஆட்டத்தின் பிறப்பைச் சிறிது சொல்லிவிடுகிறேன்.

கூடைப்பந்தாட்டத்தின் பிறப்பு ஓர் ஆசிரியரின் கதையாகும். 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் நகரிலே, கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் கனடா நாட்டவர் கற்பித்து வந்தார். பனிக்காலத்தில் வெளியே ஆட இயலாது. உள்ளே செய்யும் உடற்பயிற்சியோ மாணவருக்குச் சலித்துவிட்டது. புதிய ஆட்டம் ஒன்றை அமைக்குமாறு மேலாளர் பணித்தார். நெய்ஸ்மித் சிந்தித்தார். பந்தை ஏந்திக்கொண்டு ஓடினால் மோதலும் காயமும் உண்டாகும். ஆகவே ஏந்தி ஓடலாகாது என்று விதித்தார். இலக்குத் தரையிலே இருந்தால் முரட்டு வலிமையே வெல்லும். ஆகவே தலைக்கு மேலே, பத்தடி உயரத்தில், பீச்சுப்பழக் கூடைகள் இரண்டை ஆணியடித்து மாட்டினார். 13 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். ஒரு பக்கத்துக்கு 9 பேர் ஆடிய அந்த முதல் ஆட்டத்தில் கூடைக்குள் விழுந்த பந்து ஒன்றே ஒன்று. கூடைக்கு அடி இருந்தமையால், விழுந்த பந்தை ஏணி வைத்து ஏறி எடுக்க வேண்டியிருந்தது. அடி திறந்த வலை பின்னரே வந்தது.

கூடை என்ற சொல்லுக்கு எங்கள் தோட்டப் பகுதியிலே வேறொரு பொருள் உண்டு. எங்கள் தாய்மாரும் பாட்டிமாரும் முதுகிலே சுமந்த கொழுந்துக் கூடை அது. அந்தக் கூடை உரிய அளவு நிறைந்தால் முழுப் பேர். நிறையாவிட்டால் அரைப் பேர். நாள் முழுவதும் நிரப்ப வேண்டிய அந்தக் கூடையைக் கண்டு வளர்ந்த பிள்ளைகள், போட்ட பந்து உடனே நழுவி விழுந்துவிடும் அடியில்லாக் கூடையைக் கண்டு முதலில் சிரித்ததுண்டு. சுமையில்லாத கூடை ஒன்று உலகத்திலே இருக்கிறது என்பதை அவர்கள் அறிந்துகொண்ட நாள் நல்ல நாள் என்றே கருதுகிறேன்.

இந்த ஆட்டத்தின் மீது எனக்குப் பற்று உண்டான இடம் குருவிட்ட அன்று. குருவிட்டவின் ஊடே செல்லும் ஏ-4 பெருந்தெருவை நேயர்கள் அறிவீர்கள். கொழும்பிலே தொடங்கி, அவிசாவளை, எகலியகொடை, குருவிட்ட, இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை என மலையடிவாரம் பற்றி ஏறி, வெல்லவாய, மொனராகலை வழியே இறங்கி, பொத்துவிலிலே கடலைக் கண்டு, மட்டக்களப்பிலே முடிகின்ற 430 கிலோமீற்றர் நீளத் தெரு அது. எங்கள் வாசலிலே ஓடும் தெருவின் மறுமுனையிலே, மீன்பாடும் தேன்நாட்டில், இந்நாட்டுத் தமிழரின் கூடைப்பந்தாட்டம் வேரூன்றியிருந்தது. 1990களிலே வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலை பயிலச் சென்ற நான், பட்டத்தோடு அந்தப் பற்றையும் கொண்டுவந்தேன்.

மட்டக்களப்பிலே அது எவ்வாறு வேரூன்றியது? இரண்டாம் உலகப் போர் முடிந்ததன் பின், 1940களின் பிற்பகுதியிலே அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பகுதியைச் சேர்ந்த இயேசு சபைத் துறவியர் கிழக்கிலங்கைக்குக் கற்பிக்க வந்தனர். தம் நாட்டு ஆட்டத்தையும் உடன் கொண்டுவந்தனர். அவர்களுள் அருட்தந்தை ஹரல்ட் வெபர் அவர்களின் பெயரை மட்டக்களப்பு நகரின் விளையாட்டரங்கு இன்றும் தாங்கி நிற்கிறது. அருட்தந்தை இயூஜின் ஹெபர்ட் அவர்கள் 1948ஆம் ஆண்டு இங்கு வந்தவர். திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைக் கூடைப்பந்தாட்டத்திலே பயிற்றியவர். 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், உடன் சென்ற இளைஞரோடு அவர் காணாமற்போனார். அதன் பின் அவர்களை எவரும் கண்டதில்லை.

நான் அங்கே சென்றபோது அத்துயரம் ஆறாதிருந்தது. வழிதோறும் சோதனைச் சாவடிகள். பொழுது சாயுமுன் வீடு சேரவேண்டிய காலம். ஆயினும் பிற்பகலிலே பந்து துள்ளும் ஓசை நிற்கவில்லை. களத்தைச் சுற்றி நின்றவர்களுள் மீனவர் இருந்தனர், எழுதுவினைஞர் இருந்தனர், பழைய மாணவர் இருந்தனர். ஒரு பையன் பந்தை எறியும்போது, அவன் தமையன் எறிந்த விதத்தையும், தமையனுக்கு முன் ஆடியவன் எறிந்த விதத்தையும் அவர்கள் ஒப்பிட்டுப் பேசினர். பயிற்றியவர் இல்லாமற்போன பின்னரும் பயிற்சி நிலைத்தது எதனால் என்று அன்று எண்ணிப் பார்த்தேன். சுற்றி நின்றவர்களின் நினைவிலே அது இருந்தது என்பதே எனக்குத் தோன்றிய காரணம். கல்லூரி பிள்ளைகளை உருவாக்குகிறது. அந்தப் பிள்ளைகளை மறவாதிருப்பது ஊரின் கடமையாகிறது.

நேயர்களே, கல்லூரிக் குழுவின் மீது கொள்ளும் அபிமானத்துக்கு ஒரு தனித் தன்மை உண்டு. பெரிய கழகங்களிலே ஒரு வீரர் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆடுவார். கல்லூரிக் குழுவிலோ பத்தொன்பது வயது வந்தால் விடைபெற்றுச் செல்லவேண்டும். ஆற்றிலே நீர் மாறிக்கொண்டேயிருப்பினும் ஆற்றின் பெயர் மாறாதது போல, குழுவின் பெயர் நிற்கிறது, ஆடுவோர் மாறிக்கொண்டேயிருக்கின்றனர். ஆகவே கல்லூரி அபிமானி எந்தத் தனி மனிதனின் புகழையும் நம்பி இருப்பதில்லை. சென்ற ஆண்டின் சிறந்த ஆட்டக்காரன் இவ்வாண்டு இரத்தினக்கல் அகழும் குழியிலோ, கொழும்பிலே ஒரு துணிக்கடையிலோ வேலைக்குச் சென்றிருப்பான். அவன் அடித்த கடைசி நிமிடப் புள்ளியை எந்தப் பத்திரிகையும் அச்சிட்டிராது. அதனை நினைவிலே வைத்திருப்பவர்கள் படியிலே அமர்ந்திருந்த நாங்கள் இருபது முப்பது பேர்தாம். பல ஆண்டுகள் கழித்து பஸ் தரிப்பிடத்திலே அவனைக் கண்டு, “தம்பி, அன்று இடப்பக்கத்திலிருந்து எறிந்தாயே!” என்று ஒருவர் சொல்லும்போது அவன் முகத்திலே தோன்றும் ஒளியை நான் கண்டிருக்கிறேன். அது பரிசுக் கிண்ணம் தருகின்ற ஒளிக்குக் குறைந்ததன்று.

அத்துடன், உள்ளூர் அபிமானி தோல்விக்குப் பழகியவன். எங்கள் பகுதிக் குழுக்கள் வலயத்திலே வென்று, மாகாணத்திலே தடுமாறி, அகில இலங்கைப் போட்டியின் முற்சுற்றோடு திரும்பிவிடுவதே வழக்கம். இதிலே வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித்தே பிற்காலத்தில் கன்சாஸ் பல்கலைக்கழகக் குழுவுக்குப் பயிற்றுநராக இருந்து, 55 ஆட்டங்களிலே வென்று 60 ஆட்டங்களிலே தோற்றார். அப்பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர்களுள் வெற்றியினும் தோல்வி மிகுந்தவர் அவர் ஒருவரே. ஆட்டத்தை ஆக்கியவருக்கே அத்தனை தோல்விகள் என்றால் நம் பிள்ளைகள் தோற்பதற்கு நாம் ஏன் முகம் சுளிக்கவேண்டும்?

எனினும் சிற்றூர் எப்போதும் தோற்றே தீரவேண்டும் என்ற விதியில்லை. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலே மைலன் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர் உயர்நிலைப் பள்ளியில் 1954ஆம் ஆண்டு படித்த மாணவர் 161 பேர் மட்டுமே. அந்நாளிலே அம்மாநிலத்தில் பெரிய பள்ளி, சிறிய பள்ளி என்ற வகுப்புப் பிரிவு இல்லை. எல்லாப் பள்ளிகளும் ஒரே கிண்ணத்துக்கே மோதின. மைலன் குழு இறுதியாட்டம் வரை வந்து, தன்னிலும் பன்மடங்கு பெரிதாகிய மன்சி சென்ட்ரல் பள்ளியைச் சந்தித்தது. புள்ளிகள் சமநிலையில் இருக்க, பொபி பிளம்ப் என்னும் மாணவன் இறுதி நொடிகளிலே எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. 32க்கு 30 என்ற கணக்கிலே மைலன் வென்றது. மறுநாள் அவர்களை வரவேற்கத் திரண்ட கூட்டம் அவ்வூரின் மக்கள்தொகையைப் பலமுறை விஞ்சியது. அக்கம்பக்கத்துச் சிற்றூர்களெல்லாம் அந்தக் குழுவைத் தம் குழுவாக எண்ணிவிட்டன. 1997ஆம் ஆண்டோடு இந்தியானாவிலே அந்த ஒரே கிண்ண முறை முடிந்து, பள்ளிகள் பருமன்படி பிரிக்கப்பட்டன. சிறிய பள்ளிகளுக்குக் கிண்ணங்கள் கூடின. ஆயினும் அவ்வூரார் இன்றும் நினைந்து போற்றுவது அந்த 1954ஆம் ஆண்டையே.

இனி எங்கள் பகுதிக்கு வருகிறேன். சபரகமுவத் தோட்டங்களிலே வாழும் தமிழருக்கு, “உமது ஊர் எது?” என்ற கேள்வி எளிதான கேள்வியாக இருந்ததில்லை. எங்கள் பாட்டனாரின் தலைமுறை, தாம் பிறவாத இந்திய ஊரொன்றின் பெயரைச் சொல்லிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் பின் மிகப் பலர் எந்நாட்டுக் குடிகளும் அல்லாதவராக நின்றனர். 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி ஒரு பகுதியினர் கப்பலேறினர். எஞ்சியிருந்தோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலே நிறைவேறியது. சட்டம் குடியுரிமை தரும். அடையாள அட்டை தரும். ஆனால் “இது என் ஊர்” என்று நெஞ்சு நிமிர்ந்து சொல்லும் பழக்கத்தைச் சட்டம் தந்துவிடாது. அப்பழக்கம் வேறு இடங்களிலே, வேறு வழிகளிலே வளரவேண்டும்.

அது வளர்வதை இரத்தினபுரியிலே ஒரு மாகாண ஆட்டத்தின்போது கண்டேன். எங்கள் பகுதிக் குழுவிலே தோட்டத்துப் பையன் ஒருவன் இருந்தான். ஐவருள் ஒருவனல்லன், மாற்று ஆட்டக்காரன். அவனுடைய பாட்டனார் துண்டைத் தோளிலே போட்டுக்கொண்டு லயத்திலிருந்து வந்திருந்தார். ஆட்டத்தின் விதி ஒன்றும் அவருக்குத் தெரியாது. பேரன் களம் புகுந்தபோது அவர் எழுந்து நின்றார். அருகில் இருந்த சிங்கள முதியவர் ஒருவர், கைவிரல்களால் இரண்டு புள்ளி, மூன்று புள்ளி என்று அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். முன்வரிசையிலே முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் பிள்ளைகளுக்கு இளநீர் வாங்கி வைத்திருந்தார். எதிர்க் குழு கேகாலையிலிருந்து வந்தது. அந்த நாற்பது நிமிடங்களும் படியிலே இருந்தவர்களுக்கு இனமும் மொழியும் வேறாக இருந்தும், “நம்மவர்” என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் இருந்தது. ஆட்டம் தோல்வியிலே முடிந்தது. இறங்கிச் செல்லும்போது அந்தப் பாட்டனார் என்னிடம், “நாம் தோத்துட்டோங்க ஐயா” என்றார். அவர் சொன்ன அந்த ‘நாம்’ என்ற சொல்லை நான் பல நாள் எண்ணிப் பார்த்ததுண்டு. அதனுள்ளே அந்த முழு மாவட்டமும் அடங்கியிருந்தது.

இதனை நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. ஆட்டம் முடிந்தவுடன் வேற்றுமைகளெல்லாம் நீங்கிவிடும் என்று சொல்வது பேதைமை. வீட்டுக் காணிப் பிரச்சினையும் நாட்கூலிப் பிரச்சினையும் பந்தினாலே தீர்வதில்லை. ஆனால் ஒரே குழுவுக்காக ஒரே படியிலிருந்து வருந்தியவர்கள், மறுநாள் கடைத்தெருவிலே ஒருவரையொருவர் அறியாதவர் போலக் கடந்து செல்வதும் இல்லை. இது சிறிய நன்மை. சிறிய நன்மைகளைக் கொண்டே ஊர்கள் கட்டப்படுகின்றன.

“பரீட்சை இருக்கிறதே, ஆட்டம் எதற்கு?” என்று பெற்றோர் கேட்கின்றனர். கேட்பது நியாயமே. தோட்டத்துப் பிள்ளைக்குக் கல்வியே ஏணி என்பதை என்னிலும் அறிந்தவர் குறைவு. ஆயினும் பாடசாலைக்கு ஒழுங்காக வராத பிள்ளையை வரவழைக்க, குழுவிலே ஓர் இடம் போலப் பயனுள்ள மருந்தை நான் கண்டதில்லை. பயிற்சி நாளிலே அவன் வருகிறான். வந்தவன் வகுப்பிலும் அமர்கிறான். பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை தயக்கம் இன்னும் மிகுதி. அவர்களுக்கு நான் தர்ஜினி சிவலிங்கத்தின் பெயரைச் சொல்லுவேன். கூடைப்பந்தாட்டத்திலிருந்து கிளைத்ததே வலைப்பந்தாட்டம். யாழ்ப்பாணத்து ஈவினைக் கிராமத்திலே பிறந்த அவர், 2019ஆம் ஆண்டு லிவர்பூலில் நடந்த வலைப்பந்தாட்ட உலகக் கிண்ணப் போட்டியிலே 348 கோல்கள் போட்டு, எல்லா நாட்டு வீராங்கனைகளுள்ளும் முதல்வராக விளங்கினார். பதினாறு நாடுகள் ஆடிய அப்போட்டியில் இலங்கை பெற்ற இடம் பதினைந்தாவது. குழு பின்வரிசையிலே நின்றபோதும் அதிலிருந்த ஒருத்தி உலகத்தின் முன்வரிசையிலே நின்றாள் என்பதை எங்கள் மாணவியர் அறிந்திருக்கவேண்டும்.

அடுத்த தடை நிலம். முழுக் களத்துக்கு 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் வேண்டும். மலைச்சரிவிலே அமைந்த தோட்டப் பாடசாலைக்கு அத்தனை சமதரை எங்கே கிடைக்கும்? ஆண்டிலே பெரும்பகுதி மழை பொழியும் எங்கள் பகுதியிலே மண்தரை நான்கு நாளும் தாங்காது. ஆனால் இன்று மூவர் ஆடும் கூடைப்பந்தாட்டம் உலகெங்கும் பரவியுள்ளது. 2021ஆம் ஆண்டிலே நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக் போட்டியில் அது முதன்முதலாக இடம்பெற்றது. அதற்கு வேண்டியது ஒரே கூடை. பக்கத்துக்கு மூவரும் ஒரு மாற்று ஆட்டக்காரரும். ஏறத்தாழ அரைக் களம். பத்து நிமிடங்களில், அல்லது ஒரு பக்கம் 21 புள்ளி எடுத்தவுடன், ஆட்டம் முடிந்துவிடும். எங்கள் தோட்டங்களிலே பெரட்டுக்களம் என்று ஓரிடம் உண்டு. விடியற்காலையிலே தொழிலாளரை அணிவகுத்து வேலைக்கு அனுப்பும் இடம் அது. பிற்பகலிலே அது வெறுமையாகவே கிடக்கிறது. அங்கே ஒரு தூண் நாட்டி, பத்தடி உயரத்திலே ஓர் இரும்பு வளையத்தைப் பொருத்தினால், பாட்டனார் பெயர் கூப்பிடக் காத்து நின்ற அதே தரையிலே பேரப்பிள்ளைகள் பந்தெறிவர். தோட்ட நிர்வாகத்தாரும் பெற்றோரும் பழைய மாணவரும் மனம் வைத்தால் இதற்குப் பெரும் பொருள் தேவைப்படாது.

நிறைவாக, என்னைப் போன்ற அபிமானிகளுக்கு ஒரு சொல். உங்கள் பகுதிக் கல்லூரியின் ஆட்ட நாளை அறிந்து வைத்திருங்கள். இயன்றால் நேரில் செல்லுங்கள். நடுவரைத் திட்டாதீர்கள், பிள்ளைகள் உங்களைப் பார்த்தே பேசப் பழகுகின்றனர். எதிர்க் குழுவின் நல்ல எறிதலுக்கும் ஒருமுறை கைதட்டுங்கள். ஒரு கொப்பி வாங்கி, ஆடிய பிள்ளைகளின் பெயர்களை ஆண்டுவாரியாக எழுதி வையுங்கள். தோற்ற ஆண்டுகளின் பெயர்களையும் விடாமல் எழுதுங்கள். உலகப் புகழ் பெற்ற குழுக்களைப் பார்ப்பதற்குக் கோடிக்கணக்கானோர் இருக்கின்றனர். அவற்றுள் ஒருவர் குறைந்தால் அவர்களுக்குத் தெரியாது. எங்கள் படியிலே ஒருவர் குறைந்தால், களத்திலே நிற்கும் பிள்ளை திரும்பிப் பார்க்கிறான்.